மூட்டைக்குள் என்ன இருக்கிறது?



ஆபத்தான பொருள்கள் குறித்து இந்தக் கல்லூரி மாணவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அமிலம், நச்சு வாயு, வெடிமருந்து, கதிரியக்கம் என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அது பாடப் புத்தகம் ஆகிவிடும். அதை நீங்கள் ஏற்கெனவே படித்துத் தேர்வும் எழுதியிருப்பீர்கள். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: அம்மோனியம் நைட்ரேட். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது ஆலைகளிலும் துறைமுகங்களிலும் ஆட்களைக் கொன்றுவருகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி அறிந்தவர்கள் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தார்கள். அது எரிந்தபோது பக்கத்தில் நின்றவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நான் இன்று பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பொருளைப் பார்ப்போம். ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகள். மணம் கிடையாது. கையில் எடுத்தால் சுடாது. அம்மோனியாவையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்கிறார்கள். எடையில் 35 சதவீதம் நைட்ரஜன் என்பதால் பயிருக்கு நல்ல உணவு. ஆய்வகத்தில் ஒரு பீக்கரில் தண்ணீர் எடுத்து, இதில் ஒரு கைப்பிடியைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரையக் கரையத் தண்ணீர் சில்லென்று ஆகும், பீக்கரின் வெளிப்புறம் வியர்த்துக்கொள்ளும். கால் பிசகிய ஆட்டக்காரருக்கு மைதானத்தில் அழுத்திப் பிடிக்கிறார்களே, உடனடிக் குளிர்ப்பை, அவற்றில் சிலவற்றுக்குள் இருப்பது இதே உப்புதான். இவ்வளவு சாதுவாகத் தெரிகிற பொருள் என்பதால்தான் இதை எங்கே வேண்டுமானாலும் அடுக்கி வைக்கத் துணிகிறார்கள்.

இதன் ஆபத்து இதற்குள்ளேயே இருக்கும் ஆக்சிஜனில் உள்ளது. இது தானாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் எரிகிற பொருளுக்கு ஆக்சிஜன் கொடுத்து எரிய வைக்கும். ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். கொஞ்சமாக, காற்றோட்டமான இடத்தில் இருந்தால் வாயுவாகவும் நீராவியாகவும் பிரிந்து போய்விடும். அதே பொருள் டன் கணக்கில் குவிந்து, மூடிய இடத்தில், காகிதம், மரத்தூள், எண்ணெய் போன்றவற்றோடு கலந்து, நெடுநேரம் தீயில் வெந்தால் மொத்தமாக வெடிக்கக்கூடும். கல்குவாரியில் டீசல் கலந்து வேட்டு வைக்கப் பயன்படுவதும் இதுவே. வெளிநாடுகள் பலவற்றில் இது வயலுக்குப் போகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் குவாரிக்கும் சுரங்கத்துக்கும்.

1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் என்ற பிரெஞ்சுக் கப்பலில் காகிதச் சாக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போரில் நொந்த ஐரோப்பாவின் வயல்களுக்குப் போக வேண்டிய உரம் அது. கப்பலில் 2,000 டன்னுக்கும் அதிகமாக ஏறியிருந்தது. சில மூட்டைகள் தொட்டால் சூடாக இருந்ததைச் சுமை தூக்கும் தொழிலாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தச் சூடு என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சாக்கின் மேலும் உரம் என்றுதான் போட்டிருந்தது.

காலை 8 மணி வாக்கில் கப்பலின் அடித்தளத்தில் புகை தெரிந்தது. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சினால் சரக்கு கெட்டுவிடும் என்று கேப்டன் நினைத்தார். கப்பல் அறையின் மூடிகளை இறுக்கி அடைத்து, உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார். இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். கப்பல் தீயை அணைப்பதில் இது அந்தக் காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பஞ்சோ புகையிலையோ எரிந்திருந்தால் கேப்டன் செய்தது சரி; காற்று கிடைக்காமல் தீ செத்திருக்கும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு வெளிக்காற்று வேண்டாம். மூடியதால் அழுத்தம் ஏறியது. நீராவியால் வெப்பமும் ஏறியது. தீயை அணைக்க எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் வெடியை அருகே கொண்டுவந்தது. கேப்டன் அலட்சியமானவர் அல்லர். தன் கப்பலில் இருப்பது எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்.

புகை ஆரஞ்சு நிறத்தில் எழுந்தது. அந்த நிறத்தைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. சிறுவர்களும் வந்தார்கள். அது நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறம். உள்ளே நைட்ரேட் சிதைகிறது, ஓடு என்பது அதற்குப் பொருள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் அந்தக் கரையில் இல்லை. 9:12-க்குக் கப்பல் வெடித்தது. பக்கத்திலிருந்த ரசாயன ஆலை நொறுங்கியது. அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஏறத்தாழ எல்லாரும் அந்த நொடியில் இறந்தார்கள். மறுநாள் அதிகாலை, அதே சரக்கோடு அருகில் நின்ற ஹை ஃப்ளையர் என்ற இன்னொரு கப்பலும் வெடித்தது. இறந்தோர் 581 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அமெரிக்க அரசுக்குப் பொறுப்பில்லை என்று 1953-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 1955-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இழப்பீடு கொடுத்தது.

டெக்சாஸ் சிட்டிக்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் பாடம் எழுதப்பட்டிருந்தது. 1921 செப்டம்பர் 21. அங்கே அம்மோனியம் நைட்ரேட்டும் அம்மோனியம் சல்ஃபேட்டும் கலந்த உரம் ஈரத்தில் இறுகிப் பாறையாகிவிடும். கடப்பாரைக்கு மசியாததை உடைக்கச் சிறு வெடி வைப்பார்கள். அதுவரை ஏறக்குறைய 20,000 முறை அப்படிச் செய்து ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆனது; 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனை முறை ஒன்றும் ஆகவில்லையே என்ற சொல்லை நான் பட்டாசு ஆலையிலும் கேட்டிருக்கிறேன், சாயப்பட்டறையிலும் கேட்டிருக்கிறேன். ஆபத்தான பொருளைக் கையாள்கிற இடத்தில் இதைவிடக் கவலை தருகிற பேச்சு வேறு இல்லை.

டெக்சாஸ் சிட்டி கரையில் நடந்ததுபோல, வேடிக்கை பார்க்கப் போனவர்கள் இறப்பது நமக்கும் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை பற்றியபோது இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களுமே. ஆபத்தில் இருப்பவரைத் தூக்க ஓடுவது நம் மக்களின் நல்ல குணம். அந்தக் குணத்துக்கு, எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவைத் துணையாகக் கொடுக்காமல் விட்டது நம் குற்றம்.

இனி பெய்ரூட். 2013-ல் ரோசஸ் என்ற பழைய கப்பல் ஜார்ஜியாவின் பதுமி துறைமுகத்திலிருந்து 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை ஏற்றிக்கொண்டு மொசாம்பிக்குக்குப் புறப்பட்டது. வழியில் பெய்ரூட்டில் நின்றது. கப்பல் கடலில் செல்லத் தகுதியற்றது என்று அதிகாரிகள் தடுத்தார்கள், கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள், முதலாளி கைகழுவினார். 2014-ல் சரக்கை இறக்கித் துறைமுகத்தின் 12-ஆம் எண் கிடங்கில் போட்டார்கள். இதை எங்காவது அனுப்ப உத்தரவிடுங்கள் என்று சுங்க அதிகாரிகள் நீதிபதிக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார்கள். கப்பல் 2018-ல் துறைமுகத்திலேயே மூழ்கியும் போனது. சரக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

2020 ஆகஸ்ட் 4 மாலை கிடங்கில் தீ. தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு வந்தது. பத்துப் பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஓர் இளம் பெண் மருத்துவ உதவியாளரும் இருந்தார். கிடங்கின் பூட்டிய கதவைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும் மூன்று பேரின் புகைப்படம் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது துறைமுகத்துக்குத் தெரியும், சுங்கத்துக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளாகக் கோப்பில் இருந்த செய்தி, அந்தக் கதவைத் தொட்ட கைகளுக்குப் போய்ச்சேரவில்லை. மாலை 6 மணி கடந்து சில நிமிடங்களில் வெடித்தது. பத்துப் பேரும் இறந்தார்கள். நகரில் இறந்தவர்கள் 200-க்கும் மேல். வீடிழந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். சத்தம் கடல் தாண்டி சைப்ரஸ் வரை கேட்டது. துறைமுகத்தின் பெரிய தானியக் குதிர்கள் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தாங்கி நின்றதால் நகரின் மேற்குப் பகுதி ஓரளவு தப்பியது.

அந்த வாரத்திலேயே நம் செய்தித்தாள்களில் மணலி என்ற பெயர் வந்தது. தென் கொரியாவிலிருந்து வந்து, 2015-ல் சென்னையில் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு. 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட். ஐந்து ஆண்டுகளாக மணலியின் ஒரு கண்டெய்னர் முனையத்தில் நின்றுகொண்டிருந்தது. பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். பெய்ரூட் வெடித்த சில நாட்களில் ஏலம் முடித்து, லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டு முடியாத காரியம் ஒரு வாரத்தில் எப்படி முடிந்தது என்று மணலிக்காரர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருக்கிறது. அதைச் சட்டம் படிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். ஒரு சரக்கைப் பறிமுதல் செய்த நொடியில் அது வழக்குச் சொத்து ஆகிவிடுகிறது. அனுப்பியவருக்கு அது வேண்டாம். இறக்குமதி செய்தவர் கோர்ட்டுக்கு அலைகிறார். பறிமுதல் செய்தவர் அதைத் தொட முடியாது. இடம் கொடுத்த கிடங்குக்காரருக்கு வாடகை பாக்கி. எல்லாரும் வழக்கு எண்ணைத்தான் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பவர் யாருமில்லை. பொருளோ வாய்தா பார்த்துக் காத்திருப்பதில்லை. ஈரத்தை இழுத்து இறுகிக்கொண்டும் சாக்கு கிழிந்து குப்பையோடு கலந்துகொண்டும் இருக்கும். இந்தியாவில் 2011-ல் அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டது. 2012-ல் அதற்கெனத் தனி விதிகள் வந்தன. பெய்ரூட்டுக்குப் பிறகு, 2021-ல் அந்த விதிகளைத் திருத்தினார்கள். பறிமுதலான சரக்கை விரைந்து ஏலம் விடலாம், துறைமுகத்துக்கு வருவதை 500 மீட்டருக்கு அப்பால் உள்ள கிடங்குக்கு மாற்ற வேண்டும் என்பவை சேர்ந்தன. நல்ல திருத்தங்கள். லெபனான் மக்கள் உயிரைக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்தவை.

சட்டம் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது. போபாலில் 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்து மக்கள் கண்ணெரிந்து மூச்சுமுட்டி வந்து விழுந்தபோது, எந்த வாயுவுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பது மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வடுவிலிருந்து 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. அதன் 41பி பிரிவு, அபாயகரமான தொழில் நடத்துகிற ஆலை, தான் கையாளும் பொருள்களின் ஆபத்தையும் அதிலிருந்து தப்பும் வழியையும் தொழிலாளர்களுக்கும் தலைமை ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. பொதுமக்களுக்கு என்ற சொல் அதிலேயே இருந்தது. ஆனால் நடைமுறையில் அந்தத் தகவல் எங்கே இருக்கிறது? பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட ஆவணம் உண்டு. மிகவும் பயனுள்ள ஆவணம். அது ஆங்கிலத்தில், மேலாளர் அறையின் பீரோவில், ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்டுவதற்காக இருக்கிறது. டிரம்மை உருட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இப்போது அவர் பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம்; அவருக்குத் தமிழ்த் தாளும் போதாது.

யாரும் படிக்காமல் சாலையில் ஓடுகிற தகவலும் ஒன்று உண்டு. பெட்ரோல் டேங்கர், கேஸ் டேங்கர், அமில லாரி எதுவானாலும் பக்கவாட்டிலும் பின்புறமும் ஒரு பலகை இருக்கும். சாய்சதுரமாக ஒரு வண்ணக் கட்டம், நான்கு இலக்க எண், பொருளின் பெயர், அவசரத் தொலைபேசி எண். 1203 என்றால் பெட்ரோல். 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1075 எல்.பி.ஜி. இவை ஐ.நா. எண்கள்; உலகெங்கும் ஒன்றே. மஞ்சள் கட்டத்தில், வட்டத்தின் மேல் சுடர் எரிகிற படமும் கீழ் மூலையில் 5.1 என்ற எண்ணும் இருந்தால் அது ஆக்சிஜனேற்றி. நம் அம்மோனியம் நைட்ரேட் அந்த வகைதான். இன்று வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு பலகையையாவது நின்று படித்துப் பாருங்கள். விபத்து நடந்தால் 112-க்கோ 101-க்கோ அழைத்து, டேங்கர் கவிழ்ந்துவிட்டது என்பதோடு அந்த நான்கு இலக்க எண்ணையும் தூரத்திலிருந்தே படித்துச் சொன்னால், வருகிற தீயணைப்பு வீரர் நுரை எடுத்துவருவதா தண்ணீர் எடுத்துவருவதா என்று முடிவுசெய்ய முடியும்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கோவை காட்டியது. 2025 ஜனவரி 3 அதிகாலை, அவிநாசி சாலை மேம்பாலத்தில் எல்.பி.ஜி. டேங்கர் ஒன்று கழன்று கவிழ்ந்து வாயு கசிந்தது. 18 டன் சரக்கு. என்ன வாயு என்பது அனைவருக்கும் தெரியும். போக்குவரத்தை நிறுத்தினார்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், வாயு திரளாமல் கலைய இடைவிடாமல் தண்ணீரைத் தெளித்தார்கள், கிரேனில் தூக்கி நிறுத்தினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. 2012-ல் கண்ணூர் அருகே சாலாவில் இதே சரக்கு 20 பேரைக் கொன்றது என்பதை நினைத்தால்தான் அந்தக் காலைப்பொழுதின் அருமை புரியும். வெடித்தால் எல்லா நாளிதழிலும் முதல் பக்கம்; வெடிக்காமல் காத்த தீயணைப்பு வீரர்களுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு என் வணக்கம்.

எண்ணூரில் அப்படி அமையவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. நம் நைட்ரேட்டின் தாய்ப் பொருள் அம்மோனியா. பெரியகுப்பம் மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கத்திலிருந்து எழுந்தார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் கிடைத்த திசையில் ஓடினார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். 50 பேர் அளவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. தங்கள் கரைக்கு அடியில் என்ன ஓடுகிறது, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாராவது அவர்களுக்கு ஒரு நாள், பகலில், ஒத்திகை நடத்திக் காட்டியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் கல்லூரியிடம் ஒன்று கேட்கிறேன். வேதியியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, இந்த மாவட்டத்தின் ஆலைகளிலும் கிடங்குகளிலும் குளிர்பதனக் கூடங்களிலும் குடிநீர் நிலையங்களிலும் இருக்கிற முக்கிய ரசாயனங்களுக்கு ஒருபக்கத் தமிழ்த் தாள் தயாரியுங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையிடமும் தீயணைப்பு நிலையத்திலும் காட்டித் திருத்தி வாங்குங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். அம்மோனியாவிலிருந்து தொடங்கலாம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் வெண்மையான மூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். காற்று போகிற திசையில் ஓடாதீர்கள், குறுக்காக விலகுங்கள். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். விலக வழியில்லை என்றால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்த தாள் குளோரினுக்கு. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். மேட்டுக்கோ மாடிக்கோ போகச் சொல்லுங்கள். மூன்றாவது எல்.பி.ஜி.; அதுவும் சாக்கடையிலும் பள்ளத்திலும் படுக்கும்; வண்டியைக் கிளப்பாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும், அந்தப் பொருள் அந்த ஊரில் எந்த வளாகத்தில், எவ்வளவு இருக்கிறது என்பதை எழுத ஒரு வரி இடம் விடுங்கள். அந்த வரியை நிரப்பித் தரும்படி ஊராட்சித் தலைவர் ஆலைகளிடம் எழுத்து மூலமாகக் கேட்கட்டும்.